விலாங்குக்கு வெட்டிய வாய்க்கால்

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு நகரின் கிழக்கே மல்கிரேவில் என் வீட்டிலிருந்து காரை எடுத்து, ஆறரைக்கு மேற்குப் புறத்து ட்ருகனினாவில் அன்ரனை ஏற்றினேன். மன்னாரில் கடற்றொழில் செய்தவர், 2012இல் படகில் அகதியாக வந்தவர். இப்போது வேர்ஹவுஸ் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக விசாவிலேயே பன்னிரண்டு வருடங்களைக் கழித்துவிட்டார். வழியில் பொலிஸ் காரைக் கண்டால்கூடக் கதையை நிறுத்திவிடுவார்.

மேற்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், பெற்றோல் எழுபத்தைந்து டொலர். வழியில் கோலாக்கில் தேநீர் குடித்து, பதினொரு மணிக்குப் பழைய எரிமலைப் பிரதேசமான புட்ஜ் பிம் சேர்ந்தோம். இது இந்த நாட்டின் பூர்வகுடிகளான குண்டிஜ்மாரா மக்களின் நிலம். வெள்ளையர் வந்து பறித்துக்கொண்ட இந்த நிலத்தில் அவர்களுக்குள்ள உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2007இல்தான். வழிகாட்டி ட்ரேசியும் குண்டிஜ்மாரா பெண்தான், நாற்பது வயதிருக்கும். முதலில் தன் மொழியில் எங்களை வரவேற்றார். பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: எந்தக் கல்லையும் அசைக்கக் கூடாது.

எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கருங்கல் பூமி அது. ட்ரேசியின் முன்னோர் அதை வெட்டியும் கல் அடுக்கியும் வாய்க்கால் அமைத்து, விலாங்குகளைத் திருப்பிக் குளங்களில் வளர்த்து, இடுக்கில் கூடை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஆறாயிரத்து அறுநூறு வருடப் பழமை என்றார் ட்ரேசி. எங்கே போனாலும் இரண்டாயிரம் வருடத் தமிழ்ப் பெருமையை அவிழ்த்துவிடுகிற ஆள் நான். அன்று மூட்டையைத் திறக்கவே இல்லை. வந்தேறிகள் வெறுங்காடு என்று எழுதிவைத்ததை நானும் நம்பியிருந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எங்கட சிறகுவலை மாதிரித்தான், அண்ணை. கரைக்கடலில வேலி மாதிரிக் கட்டிவிட்டா மீன் தானா வந்து விழும்," என்றார் அன்ரன். அவர் கண் வாய்க்காலை விட்டு அகலவில்லை.

கொஞ்சத் தூரம் நடந்து திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி, சரிந்து கிடந்த கல்லொன்றைத் தூக்கி அணையின் உடைப்பில் பொருத்தி, காலால் அமுக்கிக்கொண்டிருந்தார். உடைப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது போலும். ட்ரேசியின் முகம் இறுகியது. ஏன் தொட்டீர்கள் என்று கேட்டார்.

அன்ரனுக்கு முகம் வெளிறிவிட்டது. "பொலிசுக்குச் சொல்லுவினமோ, அண்ணை? என்ர விசா போயிடும்."

எனக்கும் பயம்தான். கடற்றொழிலாளி, பழக்கத்தில் செய்துவிட்டார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ட்ரேசி குந்தியிருந்து அந்தக் கல்லை நெடுநேரம் பார்த்தார். வைத்த விதம் சரி, கேட்காமல் வைத்ததுதான் பிழை என்றார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னார். அன்ரன் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தார்.

அதன் பிறகு, உங்கள் ஊரில் எப்படி மீன் பிடிப்பீர்கள் என்று ட்ரேசி கேட்டார். அன்ரன் குச்சியால் மண்ணில் சிறகுவலையைக் கீறிக் காட்ட, உடைந்த ஆங்கிலத்தில் அரை மணி நேரம் இருவரும் மீன்கதை. புறப்படும்போது ட்ரேசி சொன்னார்: கோடையில் எங்கள் ஆட்கள் கூடிப் பேசி ஓர் அணையைத் திருத்தப் போகிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், சம்மதித்தால் நீங்களும் கல் தூக்க வாருங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பினோம்.

"இஞ்ச இருக்கலாமோ எண்டு பன்னிரண்டு வருசமா கவர்மென்டிட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறன், அண்ணை," என்றார் அன்ரன், கோலாக் தாண்டியதும். "நிலத்துக்காரரிட்ட ஒருநாளும் கேக்கேல்லையே."

நான் பிரஜாவுரிமை எடுத்துப் பதினெட்டு வருடங்கள். நானும் கேட்டதில்லை.