கவரின் பின்பக்கம் ஒரு வரி

கலியாணசுந்தரத்துக்கு எண்பத்து மூன்று வயது. இன்னமும் தறியில் உட்காருகிற பிடிவாதக்காரர். பக்கத்து வீட்டுக் குமரகுரு நான், எத்தனை திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆடி அமாவாசைக்கு மட்டும் தறியை விட்டு இறங்கி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட சர்வதீர்த்தக் குளத்துக்குப் போவார். எழுபத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அந்த அப்பா ரங்கூனில் பட்டுக்கடை வைத்திருந்தவர். நாற்பத்திரண்டில் குண்டு விழுந்தபோது மனைவி வடிவாம்பாளையும் கைக்குழந்தை கலியாணசுந்தரத்தையும் கப்பலேற்றிவிட்டு, தான் நடந்தே வந்துவிடுவதாகச் சொன்னாராம். வரவில்லை. நாலு வருஷம் பார்த்துவிட்டு, சொந்தக்காரப் பெரியவர்கள் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை மொட்டையடித்துக் கருமாதி செய்யவைத்தார்கள். வடிவாம்பாள் தாலியைக் கழற்றினாள். பெரியவர்களாம் பெரியவர்கள்!

போன மாதம் ஊர் அருங்காட்சியகத்தில், போரில் பர்மாவை விட்டு விரட்டப்பட்டவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி. வழியில் செத்தவர்களின் பெயரைச் சுவரில் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுஷர் என் உயிரை வாங்கிவிட்டார். எரிக்க உடம்புதான் கிடைக்கவில்லை, அப்பா பெயராவது ஓரிடத்தில் இருக்கட்டும் என்பது அவர் ஆசை. ஆட்டோவில் கூட்டிப்போனேன். அங்கே வேலை பார்க்கும் சுகாசினி என்ற பெண், கொஞ்ச நேரம் சுற்றிப் பாருங்கள் என்றாள்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ரங்கூனிலிருந்து நாற்பத்தேழில் இந்த ஊருக்கு அனுப்பி, திரும்பிப் போன கடிதம் இருந்தது. எழுதியவர் அறுபத்தொன்பதில் அங்கேயே சாகும்வரை அதைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கவரின் பின்பக்கம் பென்சிலால், கோணல்மாணலாக ஒரு வரி: 'அப்படி யாரும் இங்கு இல்லை.'

கலியாணசுந்தரம் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"இது நான் எழுதினதுபா," என்றார்.

அவரே விட்டு விட்டுச் சொன்னார். அப்போது ஒன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. வாசலில் தபால்காரர் நிற்க, அம்மா கவரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, தான் சொல்வதை எழுதச் சொன்னாளாம். யார் கடிதம் என்று கேட்டதற்கு, கருமாதி முடிந்த பிறகு வருவதை வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்றாளாம். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுதியதற்கு ஒரு பொரியுருண்டை கிடைத்தது.

நான் சுகாசினியைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து கவரைத் திருப்பினாள். வடிவாம்பாள் பெயர், எங்கள் தெரு, அவர் வீட்டு இலக்கம். எனக்கு அந்தச் செத்துப்போன வடிவாம்பாள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"உயிரோட இருந்த ஆளுக்கா நான் எள்ளு தண்ணி உட்டுக்கினு இருந்தேன்?" என்று கேட்டார் கலியாணசுந்தரம். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். வேண்டாம் என்று நான் தடுத்தேன், கேட்கவில்லை. சுகாசினி நிதானமாகப் படித்தாள். உடம்பு தேறிவிட்டதாம். தனக்குக் கருமாதி முடிந்ததாகக் கேள்வியாம், ஊரில் தன்னை ஏற்றுக்கொள்வார்களோ என்று பயமாம். கடைசியில் இப்படி இருந்தது: 'குழந்தை எழுதக் கற்றுக்கொண்டானா? அவன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வருவதை முடிவு செய்கிறேன்.'

கலியாணசுந்தரம் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"அனுப்பினேன்மா," என்றார்.