வூஃபர் திருத்த வந்தவர்

போருக்குப் பயந்து மனைவியும் பிள்ளைகளும் கொழும்புக்குப் போன பிறகு, துறைமுகத்தடி வீட்டில் எனக்குப் பாட்டுத்தான் துணை. ஆனால் பேஸ் என்ற அடித்தொனிக்கென்று புதிதாக வாங்கிய வூஃபர், பாடுகிறவரின் குரலையும் தானே இழுத்து உறுமியது.

திருத்த வந்தவர் ஒல்லியான மனிதர். ஒவ்வொரு தடவை குமிழைத் திருகியதும், தரையில் உள்ளங்கையை வைத்துக் கண்மூடிக் கேட்டார். குரல் முழுவதும் சின்ன ஸ்பீக்கர்களுக்குத் திரும்பியது. பிறகு வூஃபரின் சத்தத்தையும் நன்றாகக் குறைத்தார்.

“பேஸ் காணாதே அண்ணை?” என்று, அவ்வளவு போதாதோ எனப் பட்டதால் கூச்சத்தோடு கேட்டேன்.

“காணும் தம்பி. சுவரால இடிச்சா, பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ஷெல் விழுகுது எண்டு பங்கர்க் குழிக்குள்ள ஓடுவினம்.”

“அங்க ஒருத்தரும் இல்லை. எல்லாரும் படகில இந்தியாவுக்குப் போயிட்டினம்.”

அவர் தரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வருவினம்தானே,” என்றார்.

அவரை மறுபடி நான் காணவில்லை. பக்கத்து வீட்டுப் பூட்டு துருப்பிடித்துவிட்டது. வூஃபரின் சத்தத்தை நான் இன்னும் கூட்டவில்லை.