கூட்டினால் எட்டு வரும் கார்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது கொஞ்சம் அதிகம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆண்கள் பழைய கார் வாங்கும் அழகைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர்களாக அதை எழுதப்போவதில்லை.

என் கணவர் லாரி ஓட்டியவர். தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த வண்டி பிரேக் பிடிக்காமல் மோதியதில் அவருடைய இடது கால் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். முட்டி மட்டும் மடங்கவில்லை. வாரம் தவறாமல் தருமபுரிக்கு வந்து பயிற்சி எடுத்தால் மடங்கும், விட்டால் அப்படியே இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் மொரப்பூர் பக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தால் இவருடைய கால் நடுவழியில் நீட்டிக்கொண்டிருக்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதில் இடறுவார்கள். "கால மடக்கி வெய்யிப்பா, ஒன் வூடா இது?" என்று ஒருநாள் கண்டக்டர் கத்தினார். மடக்க முடிந்தால் நாங்கள் ஏன் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறோம்? இனிமேல் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று இவர் அன்றைக்குச் சொன்னார். சொன்னபடி போகவும் இல்லை.

அதனால்தான் கார். விபத்துக்குக் கிடைத்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஓட்டுவதற்கு நான் இருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியிருந்தேன். எங்களுக்கு வேண்டியது ஒரு சின்ன வண்டி. அதில் இவர் சிரமமில்லாமல் ஏறி, காலை நீட்டி உட்கார வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இது புரிவதற்குப் பத்தாவதுகூடத் தேவையில்லை.

என் கொழுந்தனார் ஓசூரில் வேலை செய்கிறார். கார் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவுக்கு முதலில் வந்தவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வண்டி பிடித்து, அதியமான்கோட்டை பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய கார் விற்கிற இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். இவரை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதோடு சரி. யாருக்காக வண்டியோ அவர் நாற்காலியில்; யார் ஓட்டப்போகிறாளோ அவள் நாற்காலிக்குப் பின்னால். மற்றவர்கள் வண்டி பார்த்தார்கள்.

"இதப் பாருங்கண்ணா, டாக்டர் வண்டி. ஒரே ஓனரு" என்றார் புரோக்கர். அடுத்ததும் டாக்டர் வண்டிதான். அதற்கடுத்தது லேடி டாக்டர் வண்டி, வாரத்தில் ஒருநாள் கோயிலுக்கு மட்டும் எடுத்ததாம். இந்த மாவட்டத்தில் இத்தனை டாக்டர்கள் இருந்திருந்தால் இவருடைய கால் எப்போதோ மடங்கியிருக்கும்.

கொழுந்தனார் சோதனையைத் தொடங்கினார். முதலில் டயரை உதைத்தார். டயரை உதைத்தால் என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உதைக்கிறவர்களுக்கும் தெரியும் என்று தோன்றவில்லை. பிறகு தேங்காய் வாங்குகிறவர்போல பானெட்டைத் தட்டிப் பார்த்தார். எஞ்சினை உறுமவிட்டு, கச்சேரி கேட்கிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கடைசியில் போனில் விளக்குப் போட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, "ம்" என்றார். புரோக்கரும் "ம்" என்றார்.

அவருக்குப் பிடித்தது ஒரு சிவப்பு வண்டி. தரையோடு தரையாக இருந்தது. சக்கரம் மட்டும் பெரிது.

"எப்படி அண்ணி? இதுல போய் எறங்குனா நாலு பேரு திரும்பிப் பாப்பான்."

"உங்கண்ணன் காலு..."

"அட, சீட்ட பின்னாடி தள்ளிக்கலாம் அண்ணி. அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

கதவைத் திறந்து பார்த்தேன். பாய் விரித்து உட்காருகிற உயரத்தில் சீட் இருந்தது. முட்டி மடங்காதவர் அதில் உட்கார்ந்தால் திரும்ப எழுப்புவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். திரும்பிப் பார்க்கப்போகிற அந்த நாலு பேர் வேண்டுமானால் தூக்கிவிடலாம்.

பின்பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு சாம்பல் நிற வண்டி தூசி படிந்து கிடந்தது. பெட்டி மாதிரி, உயரமாக, பார்க்க லட்சணம் ஏதும் இல்லாமல். அதன் முன் கதவைத் திறந்தேன். கதவு அகலமாகத் திறந்தது. சீட் நாற்காலி உயரத்தில் இருந்தது. அடியில் கம்பியை இழுத்துத் தள்ளினேன். சீட் கடைசிவரை பின்னால் போனது.

"இது என்ன விலைங்க?" என்று கேட்டேன். கேட்டது நான். புரோக்கர் பதில் சொன்னது கொழுந்தனாருக்கு.

"அத உடுங்கண்ணா. வண்டி நல்ல வண்டிதான். நம்பரு கூட்டுனா எட்டு வருது. வர்றவங்க பூரா பாத்துட்டுப் போயிட்டே இருக்கறாங்க."

கொழுந்தனார் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "ஆமா, எட்டேதான். அண்ணி, இந்தப் பக்கம் வாங்க. தீப்பெட்டியாட்டம் இருக்குது வேற."

எங்கள் பக்கத்தில் பிரேக் பிடிக்குமா என்று கேட்க மறந்தாலும் மறப்பார்கள், கூட்டு எண் என்ன என்று கேட்க மறக்கமாட்டார்கள். எட்டு வந்தால் சனி, சனி வந்தால் விபத்து. ஹெல்மெட்டைப் பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓசூர்வரை போய்வருகிற மனிதர் எட்டுக்குப் பயப்படுகிறார்.

சிவப்பு வண்டிக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொழுந்தனார் கை சட்டைப்பைக்குப் போனது. அதை வாங்கிவிட்டால் இவர் வீட்டைவிட்டு நகரமாட்டார், கால் அப்படியே நின்றுவிடும். பேச வராது என்று தெரிந்ததால் நாற்காலிக்குப் போனேன்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"வாங்க."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சாம்பல் வண்டியின் சீட்டில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். மெதுவாகத் திரும்பினார். இடது கால் நேராக உள்ளே போனது. எங்கும் இடிக்கவில்லை.

"இதுல வருவீங்களா?"

கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தார். "வரலாம்" என்றார்.

கொழுந்தனார் ஓடிவந்தார். "அண்ணி, சொன்னா புரியாதா? எட்டுங்கறேன்! ஒருதடவ பட்டது போதாதா? அண்ணன் ஓட்டுன லாரி நம்பரும் எட்டாத்தான் இருந்திருக்கும்."

"ஒம்பதுடா" என்றார் இவர். "மொதலாளி ஜோசியருகிட்ட கேட்டு, தனியா பணம் கட்டி வாங்குன நம்பரு."

"அப்போ இடிச்சவன் நம்பரு?"

"அவன் நம்பர யார்ரா கூட்டிப் பாத்தா? பிரேக்கு இல்ல, அது தெரியும்."

புரோக்கர் முந்திக்கொண்டார். "அண்ணன் சொல்றது கரெக்டுங்க. எட்டுன்னா சனி பகவான். இரும்புக்கே அவருதான அதிபதி? வண்டிக்கு எட்டு ரொம்ப விசேசம்ங்க" என்றார். கூச்சமே இல்லாமல், "இதுவும் டாக்டர் வண்டிதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

சாவியைக் கொழுந்தனாரிடம் நீட்டினார். நான் கையை நீட்டினேன். "அக்காவா ஓட்டப்போறாங்க?" என்று கொழுந்தனாரிடம்தான் கேட்டார். நான் கையை எடுக்கவில்லை. சாவி என் கைக்கு வந்தது.

சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். இவர் பக்கத்தில். கொழுந்தனார் பின்னால், மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மொள்ள அண்ணி, மொள்ள" என்று முனகிக்கொண்டே வந்தார்.

"பிரேக்க நல்லா அமுக்கிப் பாரு" என்றார் இவர். அமுக்கினேன். வண்டி நின்றது. கொழுந்தனாரின் நெற்றி முன்சீட்டில் மோதியது.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டோம். கொழுந்தனார் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் அண்ணி, பக்கந்தான் என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனார்.

மறுநாள் காலை இவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். மருத்துவமனையில் நிழல் முழுக்க டாக்டர் வண்டிகள்; இடம் கிடைக்கவில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தினேன்.