ஏழாம் நம்பருக்காக அழுதவள்

நாற்பதுகளின் நடுவில், புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி முடியப்போகிற காலத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி, நார்த்தாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவர் பகலில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. சாயங்காலமானால் ஊர் புட்பால் டீமில் ரைட் அவுட், அதாவது வலது ஓரத்தில் கோட்டை ஒட்டி ஓடுகிறவர். குமாஸ்தாவை ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். ரைட் அவுட்டைத் தெரியாதவர் கிடையாது.

சட்டை முதுகில் நம்பர் தைத்துப் போடும் வழக்கம் அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. இவருக்கு ஏழு. கடைத்தெருவில் இவருடைய பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், ‘ஏழாம் நம்பர்’தான்.

நான் மட்டும் அவர் ஆடிப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை என்பது என் மாமியாரின் கட்டளை. அவருடைய ஆட்டம் எனக்குக் காயங்களாக மட்டுமே தெரியும். வீங்கிய கணுக்கால், சிராய்த்த முழங்கை, உப்பு ஒத்தடம், நல்லெண்ணெய். ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதையே வீதியில் போகிறவர்கள் பேசுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஒருநாள் நாலு பேர் அவரை ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருச்சி டீமோடு நடந்த ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. மாதக்கணக்கில் படுத்திருந்தார். நடக்கலாம், இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு டீமின் கமிட்டி கூடி, இனிமேல் ஏழாம் நம்பரை யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது. அவருடைய சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டப் போகிறார்களாம்.

அந்தச் செய்தி பரவிய சாயங்காலம் எங்கள் வாசல் கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். நான் உள்ளே மோர் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நல்லதுதாங்க செஞ்சாங்க. அந்த நம்பர இன்னொருத்தன் முதுகுல பாக்க எங்களால முடியாது” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

குதிரை வண்டி ஓட்டுகிற ஜட்காக்காரருக்கு அது பிடிக்கவில்லை. “உசிரோட இருக்கிற மனுசனுக்குக் கருமாதி பண்ணுனாப்ல இருக்கு. சின்னப்பய எவனாச்சும் போட்டு ஓடட்டுமே” என்றார்.

வாக்குவாதம் முற்றி, இருவரும் என் கணவரின் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் இடது காலால் அடித்தது, மழையில் சறுக்கியது, பள்ளிக்கூடத்து நாளில் அடித்த முதல் கோல். எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. அவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள். தாலி கட்டிக்கொண்டவள் நான், மோர்ச் செம்போடு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

அப்போதுதான் ஜட்காக்காரர் சொன்னார். “நம்மள விடுங்க. சேதி கேட்டதும் கடலை விக்கிற அந்தப் பொண்ணு தரையில உக்காந்து அழுதுச்சு பாருங்க. கூடையக்கூட எடுக்காமப் போயிருச்சு.”

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. எல்லாரும் போனபிறகு கேட்டேன். “யாரு அந்தக் கடலைக்காரி?”

“மைதானத்து மூலையில, கார்னர் கொடிகிட்ட உக்காந்திருக்கும். பேரெல்லாம் தெரியாது” என்றார் அவர், முழங்காலைத் தடவிக்கொண்டே. பொய் சொல்லவில்லை என்று முகமே சொன்னது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. பேர்கூடத் தெரியாத ஒருத்தி என் புருஷனுக்காக எதற்கு அழ வேண்டும்?

சட்டையை ஒப்படைக்கிற விழாவுக்குக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். பெண்களுக்குத் தனியாக நாற்காலி உண்டு என்றதால் மாமியாரும் சம்மதித்தார். மைதானத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். என் மனதில் இருந்தது பெரிய இடம். கண்ணெதிரே இருந்தது புல் தேய்ந்த செம்மண் தரை.

பேச்செல்லாம் முடிந்தது. அவர் சட்டையை மடித்துக் கமிட்டித் தலைவரின் கையில் கொடுத்தார். அப்புறம் ஆட்டம் தொடங்கியது. அவர் இடத்தில் ஆடிய புதுப் பையன் முதுகில் பன்னிரண்டு. பாவம், அவன் நன்றாக ஓடியும் யாரும் கை தட்டவில்லை.

என் கண் கார்னர் கொடியைத் தேடியது. கூடையை முன்னால் வைத்து, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மாமியாரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து நேராக அவளிடம் போனேன்.

“நீங்கதான் அன்னைக்கி அழுதீங்களா?”

நான் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சமும் பதறாமல், “ஆமாங்க” என்றாள். “என் வீட்டுக்காரரு மலாயா போனவரு. ஜப்பான்காரன் சண்டை வந்தப்பறம் ஒரு சேதியும் இல்ல. நாளெல்லாம் அதே நெனப்பாத்தான் இருக்கும். ஒங்க வீட்டுக்காரரு பந்தோட ஓடுறப்ப மட்டும் மறந்துபோகும். பாதி ஆட்டத்துல அவுக அங்கிட்டு மாறுனா நானும் கூடையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போயிருவேன். கால் சரியாகி வந்துருவாகன்னு இருந்தேன், இனி எதைப் பாத்து மறக்க, அதான் அழுதேன்.”

அவளே தொடர்ந்தாள். “நொண்டிக்கிட்டு வந்தாலும் ஒங்கவுக வீட்டுக்கு வந்துர்றாகல்ல. ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையாத்தான் இருக்குங்க.”

“எனக்கு ஒங்களப் பாத்தா பொறாமையா இருக்கு” என்றேன். “நான் அவர் ஆடி ஒரு தடவகூடப் பாத்ததில்ல.”

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு சாக்கில் நகர்ந்து இடம் விட்டாள். “இங்கிட்டு உக்காருங்க. இங்கேருந்து பாத்தாத்தான் தெரியும்.”

பட்டுப்புடவையோடு உட்கார்ந்தேன். எதிரே நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. “அந்தா, அங்க பந்து வாங்குவாக. கோட்ட ஒட்டியே ஓடிவந்து, இந்தா, இந்த எடத்துல சட்டுன்னு நின்னுருவாக. மறிக்க வந்தவன் தாண்டிப் போயிருவான். அடிக்கிறதுக்கு முன்னால நாக்கக் கடிச்சுக்குவாக.” அவளுடைய விரல் போன இடமெல்லாம் என் கண் போனது. யாரும் இல்லாத அந்தக் கோட்டோரத்தில் என் கணவர் ஓடி வந்ததை நான் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொள்வார் என்பதை நானும் அறிவேன், கணக்கு எழுதும்போது. அதை அவளிடம் சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தாள்.

மாமியார் திட்டியது தனிக்கதை. அதற்குப் பிறகு அவளைச் சந்தையில் ஓரிரு முறை பார்த்தேன். இரண்டு கை கடலையை மடியில் போடுவாள், காசு வாங்க மாட்டாள். மலாயாவிலிருந்து சேதி வந்ததா என்று கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

என் கணவர் போய்ப் பல வருடங்களாகின்றன. அவர் ஓடுவது இன்றும் என் கண்ணுக்குள் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது அவள் கண்ணால் பார்த்ததுதானே என்று நினைக்கும்போதெல்லாம் அந்தப் பழைய பொறாமை லேசாக எட்டிப் பார்க்கிறது, அதோடு சேர்ந்து அவள் வீட்டு வாசலுக்கும் யாராவது வந்து சேர்ந்திருக்க வேண்டுமே என்று மனம் வேண்டிக்கொள்கிறது.