வாய்கட்டாமல் காட்டுக்குப் போன எமில்டா

கரடி முதலில் வந்ததா, எமில்டா முதலில் வாய் திறந்தாளா? அதைச் சொல்லிவிட்டு மற்றக் கதையைக் கதையுங்கள். "அவள் நேர்த்தியை முறிச்சாள், அந்தோனியார் கைவிட்டார், சவிரிமுத்துவுக்குக் காது போச்சுது" என்று தண்ணிக் குடத்தோடு பைப்படியில் நின்று சொல்கிறீர்களே, அன்று அந்தக் காட்டில் உங்களில் எத்தனை பேர் நின்றீர்கள்? பாதிப் பேர் வீட்டில் பாண் தின்றுகொண்டிருந்தீர்கள். நின்றவர்களிலும் பாதி, கரடியைக் கண்டதும் ஆற்றுப் பக்கம் பறந்த கூட்டம்.

எமில்டா கல்பிட்டிக் கரையில் பிறந்தவள், பாலாவிச் சந்தியில் கருவாடு விற்கிறவள். வெளிக்கிட்ட பஸ்ஸையும் நிற்பாட்டுகிற குரல் அவளுக்கு. சின்ன வயதில் அவளுடைய தாய், "மெல்லக் கதையடி, முருங்கைப் பூ கொட்டுது" என்பாளாம். கடலில் கால் முறிந்து வந்த புருசன் பஸ்தியானுக்கும், மகள் அனுஷ்காவுக்கும் அந்தக் குரல்தான் சோறு போட்டது. அந்தப் பிள்ளையைக் கட்டிக் கொடுத்ததும் அதே குரல்தான்.

ஆனி மாதம் வந்தால் வில்பத்துக் காட்டுக்குள் இருக்கிற அந்தோனியார் கோயிலுக்கு ஊரே போகும். ஆற்றங்கரை வரை பஸ், அங்கிருந்து நடை. நேர்த்தி வைத்தவர்கள் ஆற்றைத் தாண்டியதும் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவிட வேண்டும். கோயில் வாசல் வரை ஒரு சொல் ஆகாது, காலில் செருப்பும் ஆகாது. அது ஊர்ப் பழக்கம். ஆனால் பாலைப்பழம் பழுக்கிறதும் அதே ஆனியில்தானே! மனிசருக்கு அந்தோனியார் திருநாள் என்றால் கரடிக்கு அது பாலைப்பழத் திருநாள்.

போன வருசம் ஆற்றடியில் வனசீவராசி உத்தியோகத்தர் ஒருவர் நின்று படித்துப் படித்துச் சொன்னார். "ஒண்டாப் போங்க. சத்தமாக் கதைச்சுக்கொண்டு போங்க. பாலை மரத்தடியில நிக்க வேணாம். கரடிக்குக் கண் மட்டம், தின்னேக்க அதுக்கு ஒண்டும் கேக்காது. தெரியாமக் கிட்டப் போனாத்தான் பாயும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நடைக்குப் பொறுப்பான மூப்பர் இன்னாசிப்பிள்ளை அவருக்கு நன்றியும் சொன்னார். பிறகு ஆற்றைத் தாண்டி, எல்லோரும் வாயைக் கட்டினார்கள். எமில்டாவும்தான் கட்டினாள், பஸ்தியானின் காலுக்காக.

மணல் பாதை, வெறுங்கால். அத்தனை சனம் போகிறது, பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. காற்றும் எதிர்க்காற்று, மனித வாடை முன்னால் போகவில்லை. சிலுவை தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போன சவிரிமுத்து ஒரு வளைவில் திரும்பினான். பாலை மரத்தடியில் கரடி, முதுகில் குட்டியோடு பழம் பொறுக்கிக்கொண்டு நின்றது. அது நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கத்தான் இடம். சவிரிமுத்து ஓடினான். கரடிக்கு முன்னால் ஓடி யார் தப்பினது? விழுத்திவிட்டது.

எமில்டா துணியைப் பிய்த்தெறிந்தாள். "குப்புறப் படடா! கழுத்தைப் பொத்து!" என்று கத்தினாள். ஓடப் பார்த்தவர்களை, "ஓடாதேங்கோ! ஒண்டாச் சேருங்கோ! கத்துங்கோ!" என்று மறித்தாள். சோற்றுச் சட்டியில் மூடியால் அடி அடியென்று அடித்தாள். கரடி அவனை விட்டுவிட்டுக் குட்டியோடு பற்றைக்குள் போய்விட்டது. காது, அவள் வாய் திறக்க முதலே போய்விட்டது. இப்போது விளங்குகிறதா எது முதல், எது பிறகு?

விளங்கினாலும் ஊர்வாய் ஓயுமா? கதையைத் தொடங்கினவள் அனுஷ்காவின் மாமி, புருசனைப் பெற்ற பாக்கியம்மா. அதையாவது எமில்டா பொறுத்துக்கொண்டாள். இந்த வருசம் அனுஷ்கா பிள்ளைவரம் கேட்டு வாய்கட்டி நடக்கப் போகிறாள் என்று கேட்டபோதுதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூப்பரும் பாக்கியம்மாவும் எமில்டா வீட்டுக்கு வந்தார்கள்.

"பாவசங்கீர்த்தனம் செய்து, வாயைக் கட்டினா நீயும் எங்களோட வரலாம்" என்றார் மூப்பர்.

"எந்தப் பாவத்தைச் சொல்ல, மூப்பரையா? ஒரு மனிசனை உசிரோட கொண்டு வந்ததையா?"

"அந்தோனியாருக்குக் குடுத்த சொல்லு சொல்லுத்தானே."

"அவர் மீனுக்கே பிரசங்கம் வைச்சவர். மீன்காரி வாயைத் திறந்தா கோவிப்பாரோ?"

பாக்கியம்மா முகத்தைச் சுழித்தாள். "மச்சாள், உங்கட வாய்க்குக் கரடியே பயந்து ஓடினது!"

"ஓம் மச்சாள், அதைத்தானே நானும் சொல்லுறன். என்ட பிள்ளையை வாயைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

"அவள் இப்ப எங்கட வீட்டுப் பிள்ளை."

"கரடிக்கு அது தெரியுமோ?"

மூப்பர் கதிரையை விட்டு எழும்பினார். "அப்பிடியெண்டா நீ எங்களோட வரக்கூடாது."

"உங்களோட ஆர் வாறது? முன்னால போறன். நீங்க வாயைக் கட்டிக்கொண்டு பின்னால வாங்கோ. நான் பாடுவன், சட்டி அடிப்பன். காட்டுப் பாதையை ஒருத்தருக்கும் சீதனமா எழுதிக் குடுக்கேல்ல."

தனியாகப் போனால் அது விசர் வேலை என்று எமில்டாவுக்குத் தெரியாதா? சந்தியில் அவளோடு கருவாடு விற்கிற இரண்டு பெண்களைக் கேட்டாள், வருகிறோம் என்றார்கள். மூன்றாவதாக, கேட்காமலே வந்தவன் சவிரிமுத்து. ஊர் அவள் தலையில் பழியைப் போட்டபோது ஒரு சொல் மறுத்துச் சொல்லாதவன். ஊர்க்கதையைவிட அவளுக்கு அதுதான் நொந்தது.

"ஏன்டா வந்தாய்?"

"அக்கா, எனக்கு இந்தப் பக்கம் கேக்காது. நீங்க மற்றப் பக்கம் நிண்டு பாடுங்கோ."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்க வைக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

நடை நாளன்று, ஊர் பிடித்த பஸ் ஊர்க்கோயிலடியில் ஆள் ஏற்றத் தொடங்கும் முன்பே, சந்தியில் நிற்கிற மற்ற மூன்று பேரோடும் சேர எமில்டா வெளிக்கிட்டாள். காட்டுக்குள் முதலில் இறங்க வேண்டுமே. பக்கத்து வீடுதான் பாக்கியம்மாவுடையது; அந்த வேலிக்குள் அனுஷ்கா கையில் வெள்ளைத் துணியோடு நின்றாள். தாயைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். எமில்டா அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நாளைக்கும் அந்தக் குசினியில் சமைக்க வேண்டியவள் அந்தப் பிள்ளைதான். வராவிட்டால் என்ன? சத்தம் முன்னால் போகும், பிள்ளை பின்னால் பத்திரமாக வரும்.

படலையைத் தாண்டும்போதே எமில்டா மாதா பாட்டொன்றை உச்சக் குரலில் எடுத்தாள்.

"காடு எங்க கிடக்கு, மச்சாள்? இஞ்சயே என்ன பாட்டு?" என்று பாக்கியம்மா வேலிக்கு மேலால் கேட்டாள்.

"தொண்டை சூடாகட்டும்" என்று சொல்லிவிட்டு, எமில்டா விட்ட அடியிலிருந்து பாடிக்கொண்டு நடந்தாள்.