சுப்பையா அண்ணன் உடுத்திய கில்ட்

சுப்பையா அண்ணன் போய்விட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னபோது, கொட்டகலை பஸாரில் என் தையல் கடையில் பள்ளிச் சீருடை ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அன்று ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? கங்காணி சுப்பையா என்பதைவிட 'கில்ட்டுக்காரர்' என்றால்தான் தேயிலைத் தோட்டத்தில் சட்டென்று விளங்கும்.

ஒருமுறை மழையில் வழுக்கி அவருக்குக் கால் முறிந்து, ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே கம்பிக்கூடு பொருத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காற்சட்டை ஏறவில்லை. இடுப்பில் சுற்றும் நீளச் சாரம் கம்பியில் மாட்டி ஆளை விழுத்தப் பார்த்தது. கொழுந்து மலைக்கு வந்து ஆட்களை வேலை வாங்காவிட்டால் வேறு கங்காணி போடுவோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். "வீட்டுல குந்திக்கிட்டே இருந்தா செத்துருவேன் தங்கச்சி" என்றார்.

பங்களாவில் பழைய ஸ்கொட்லாந்து துரை ஒருவரின் படத்தை அவர் பார்த்திருக்கிறார். முழங்காலளவு, கட்டம் போட்ட, மடிப்பு வைத்த உடுப்பு. கில்ட் என்பார்களாம், அதுபோல வேண்டுமென்றார். இரண்டு பழைய சாரங்களை ஒட்டி, கிழிந்த புத்தகப்பையின் வார்களை இடுப்பில் வைத்துத் தைத்தேன். சேலை கட்டிய புத்தி, கொசுவம் போல மடிப்பை முன்னால் வைத்துவிட்டேன். படியேறக் காலைத் தூக்கியதும் மடிப்பெல்லாம் கம்பிக்குள் புகுந்தது. சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர். பின்பக்கத்தை முன்னால் திருப்பிக் கட்டினோம், சரியாகிவிட்டது. துரைக்கும் மடிப்பு பின்னால்தான் என்று பிறகு படத்தைப் பார்த்து வந்து சொன்னார்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் வந்து நின்றதும் ஆண்கள் கேலி செய்தார்களாம். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஈரத்துக்காக இடுப்பில் படங்குச் சாக்கு சுற்றுவார்களே, அவர்களில் ஒருத்தி, "அண்ணே, இனிமே நீங்களும் எங்க ஆளுதான்" என்றிருக்கிறாள். "ஆமா, ஒங்க ஆளுதான். வாங்க மலைக்கு" என்று முன்னால் நடந்தாராம்.

கால் ஆறிக் கம்பியைக் கழற்றிய பிறகும் தினம் அதையே உடுத்தினார். இனி எதற்கு என்று கேட்டேன்.

"இப்ப கழட்டுனா, இத்தன நாளும் வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் உடுத்துனேன்னு ஆயிரும் தங்கச்சி."

எனக்குச் சில காலமாகக் காது மந்தம். காதில் வைத்த கருவியைக் கூந்தலுக்குள் மறைத்தே கடைக்கு வருவேன். அவரை அடக்கம் செய்த மறுநாள் தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டு வந்தேன். இதென்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் காது கேட்கும் கருவி என்று சொன்னேன். அவர் எனக்கு விட்டுப்போனது இந்தத் துணிச்சல்தான். கருவியை முடி மூடாததால் இப்போது எல்லோர் பேச்சும் நன்றாகக் கேட்கிறது. அவர் குரலைத்தான் இனிக் கேட்க முடியாது.