கடலெண்ணெயில்

பெருந்துறையில் நான் வேலை பார்த்த ஆலைக்குப் புது மெஷின் ஒன்று வந்தது. அதைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். நான் கொள்முதல் பிரிவில் இருந்தேன். மெயில் எழுதி எழுதியே என் இங்கிலீஷ் தேறியிருந்தது. அதனால் அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையும் என்னிடமே வந்தது.

வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார். நிலக்கடலை அவருக்கு ஆகவே ஆகாது, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அவசரத்துக்கு ஊசிமருந்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மேனேஜர் உடனே கேன்டீனுக்குத் தகவல் சொன்னார்.

மறுநாள் மதியம் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் இங்கிலீஷில் ஓர் அட்டை இருந்தது. எழுதியவர் மேனேஜர். சோற்றுக்கு ‘ரைஸஸ்’, பொரியலுக்கு ‘பீன் வித் கோகனட், நோ பீநட்’. அண்டா நிறையச் சோறு இருந்தாலும் இங்கிலீஷில் அது ரைஸ்தான். பொரியலுக்கோ ஒற்றை பீன் போதாது, பீன்ஸ் வேண்டும். பேனாவை எடுத்துத் திருத்தினேன். பீநட்டுக்கும் ஓர் எஸ் சேர்த்தபோதுதான் கை நின்றது. பீநட்ஸ் என்றால் கடலை. எண்ணெயாகிவிட்டால் அந்த எஸ் உதிர்ந்து பீநட் ஆயில் ஆகிவிடும். எண்ணெயைப் பற்றி யாராவது கேட்டார்களா?

சமையல்காரரைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்கண்ணா, பொரியல எந்த எண்ணெயிலீங்க தாளிச்சீங்க?”

“கடலெண்ணெய்தானுங்க அம்மணி. செக்குல ஆட்டுனது. கடலைய மட்டும் போட வேண்டாம்னாங்க, ஒண்ணுகூட போடலீங்க.”

இதற்குள் இன்ஜினியர் தட்டில் பொரியலை வைத்துக்கொண்டு கரண்டியைத் தூக்கிவிட்டார். “ஸ்டாப்!” என்று கத்தினேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. “நோ பீநட்ஸ், பட் இட்ஸ் குக்ட் இன் பீநட் ஆயில்!” அவர் தட்டை மெல்ல மேஜையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஒரு ‘இன்’னுல இத்தனை இருக்குதாம்மா?”

“இருக்குதுங்க சார். ‘வித்’துன்னா கூட இருக்குது, பொறுக்கிப் போட்டாலும் போடலாம். இங்க ‘இன்’னுங்க. எண்ணெயிலயே வெந்திருக்குது, பிரிக்க முடியாதுங்க.”

இலக்கணப் புத்தகம் இதை ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, எனக்கு இன்றும் அந்த விளக்கத்தில் குறை தெரியவில்லை.

சமையல்காரர் புது வாணலியை எடுத்துத் தேங்காயெண்ணெயில் வேறு பொரியல் செய்தார். இன்ஜினியர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அட்டை எழுதுவது என் பொறுப்பாயிற்று.

வார இறுதியில் அவருக்குக் கோவைக்குப் போய் ஆர்.எஸ்.புரத்தில் வெளியே சாப்பிட ஆசை. நான் கூடப் போக முடியாது. “ஆமாங்க” என்று பதில் வந்தால் தொடக் கூடாது என்று சொல்லி, ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன்: “கடலெண்ணெயில செஞ்சதுங்களா?”

“இதில் ‘இன்’ எங்கே?” என்று கேட்டார்.

“எண்ணெய்க்குப் பின்னால் ஒட்டியிருக்கிற அந்த ‘ல’தான். எங்கள் மொழியில் அது வால்பக்கம் வரும்” என்றேன். சிரித்துவிட்டு, மனப்பாடம் ஆகும்வரை சொல்லிப் பார்த்தார்.

திங்கட்கிழமை சிரித்த முகத்தோடு வந்தார். ஓட்டலில் தோசையைக் காட்டி அப்படியே கேட்டிருக்கிறார். பரிமாறியவர் வெகுநேரம் தமிழில் ஏதோ விளக்கினாராம். இவருக்குப் புரிந்தது முதலில் வந்த “ஆமாங்க” மட்டும்தான். அது போதும் என்று இட்லிக்கு மாறிவிட்டார். சட்னியைத் தொடுவதற்கு முன்னாலும் அதே கேள்வியைக் கேட்டாராம். அதற்கும் “ஆமாங்க” வரவே, தள்ளி வைத்துவிட்டாராம்.

“நல்ல வேளை, கேட்டேன்” என்றார்.